வீட்டுக் கணினியில் லினக்ஸ்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியை என்ன செய்வது என்ற கேள்வி அன்றிலிருந்து பல வீடுகளில் எழுந்திருக்கிறது. கடைக்காரர் புதிதாக வாங்கச் சொல்கிறார். கணினி படித்த அக்கா மகன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போடச் சொல்கிறான். அதெல்லாம் நமக்குச் சரிப்படாது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

லினக்ஸைப் பற்றிய அச்சங்களில் பல காலாவதியானவை. அதைப் பற்றிச் சொல்லப்படும் பெருமைகளிலும் சில மிகையானவை. அச்சத்தை நம்பினாலும் பெருமையை நம்பினாலும் நஷ்டம் நமக்குத்தான். வீட்டில் யார் யார் கணினியில் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்பதை வைத்தே இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பரவலான சில நம்பிக்கைகளை அந்த நோக்கில் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: விண்டோஸ் 11 ஏறாத கணினி இனி குப்பைதான்.

உண்மை: விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவை தேவை. இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய கணினிகள் பெரும்பாலும் செயலியின் வயதால்தான் தகுதி இழக்கின்றன. அவற்றில் பழுது ஏதும் இல்லை. தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த கணினிகளில் இன்னும் உயிரோடு இருப்பவற்றின் நிலையும் இதுதான். அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. திறந்துகூடப் பார்க்காமல் விட்டவர்கள் ஏராளம்.

முதலில் பயாஸ் அமைப்பைப் பாருங்கள். டிபிஎம் வசதி இருந்தும் அங்கே அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். செயலி தகுதியானதாக இருந்தால், டிபிஎம்மை இயக்கியதுமே விண்டோஸ் 11 ஏறிவிடும். ஏறாவிட்டாலும், வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிக்கப்பட்ட புதுப்பிப்புத் திட்டம் 2026 அக்டோபர் வரை இருக்கிறது. அவசரப்பட்டுப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை.

நம்பிக்கை: இலவசமாகக் கிடைப்பது தரமாக இருக்காது.

உண்மை: பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸின் மையப் பகுதியான கருநிரலை வெளியிட்டார். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று சட்டப்படி அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமம் அதற்கு உண்டு. பெரிய நிறுவனங்களில் சம்பளம் வாங்கும் பொறியாளர்கள்தான் இன்று அதன் பெரும்பகுதியை எழுதுகிறார்கள். உலகின் அதிவேகக் கணினிகளின் டாப் 500 பட்டியலில் உள்ள 500-ம் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் இயங்குகின்றன. உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமும் லினக்ஸ் கருநிரல்தான்.

கவலைப்பட வேண்டிய இலவசம் வேறு ஒன்று உண்டு. தெருமுனைக் கடையில் கிராக் செய்து ஏற்றித்தரும் விண்டோஸ்தான் அது. அந்த கிராக் நிரல் ஓடுவதற்கு வைரஸ் தடுப்பானை அணைக்கச் சொல்வார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்பது ஏற்றித்தருபவருக்கே தெரியாது. அந்தக் கணினியில்தான் பிறகு வங்கிக் கடவுச்சொல்லை அடிக்கிறோம்.

நம்பிக்கை: லினக்ஸ் என்றால் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும்.

உண்மை: லினக்ஸ் மின்ட் என்ற தொகுப்பின் சின்னமன் முகப்பில் கீழே ஒரு பட்டி, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். மென்பொருள் நிறுவ, போனில் உள்ளதைப் போன்ற ஒரு கடை உண்டு. புதுப்பிப்புகளைச் சுட்டியால் சொடுக்கியே ஏற்றிக்கொள்ளலாம். கேரளத்தின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தில்தான் கணினி கற்கிறார்கள்.

கட்டளை பற்றிய அச்சம் பிறக்க ஒரு காரணம் உண்டு. இணையத்தில் உதவி தேடினால் பதில்கள் பெரும்பாலும் கட்டளையாகவே வரும். எந்த முகப்பு வைத்திருப்பவருக்கும் ஒரே வரியில் வேலை முடிந்துவிடும் என்பதால் பதில் சொல்பவர்களுக்கு அது வசதி. அன்றாட வேலைக்கு அது கட்டாயமில்லை.

நம்பிக்கை: லினக்ஸில் தமிழில் தட்டச்சு செய்ய முடியாது.

உண்மை: தமிழ்நாடு அரசு 1999-ல் ஏற்றுக்கொண்ட தமிழ் 99, பழைய தட்டச்சுப் பொறி முறை, ஒலியியல் முறை என எல்லாமே ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவிக்கான எம்17என் தொகுப்பில் இருக்கின்றன. இலங்கையில் பழக்கத்தில் உள்ள ரெங்கநாதன் விசைப்பலகையும் அதில் உண்டு. நிறுவிய பின் அமைப்புகளில் ஒருமுறை சேர்த்துவிட்டால், விசைச் சேர்க்கை ஒன்றை அழுத்தி ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். உலாவி, லிப்ரே ஆபிஸ், மின்னஞ்சல் என எங்கும் யூனிகோடில் எழுதலாம். நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ், மீரா இனிமை போன்ற எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

உண்மையான சிக்கல் பழைய கோப்புகளில் இருக்கிறது. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்புகளைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். இதை லினக்ஸின் குறையாக நினைப்பவர்கள் உண்டு. அந்த எழுத்துரு இல்லாத விண்டோஸ் கணினியிலும் இதே கதைதான். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து உருவாக்கப்பட்டவை. உங்களிடம் உள்ள எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நிறுவினால் பக்கம் பழையபடி தெரியும். ஆனால் அதில் தேடவோ, அதை வாட்ஸ்அப்பில் ஒட்டவோ முடியாது. குடும்ப வரலாறோ ஊர்க் கோயில் கணக்கோ அப்படிப்பட்ட கோப்பில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். எந்த இயங்குதளத்துக்குப் போனாலும் இந்த வேலை உங்களைக் காப்பாற்றும்.

நம்பிக்கை: லினக்ஸில் வைரஸே வராது.

உண்மை: வீட்டுக் கணினிகளைக் குறிவைக்கும் தீநிரல்களில் பெரும்பாலானவை விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. லினக்ஸில் மென்பொருள்கள் டிஸ்ட்ரோ எனப்படும் லினக்ஸ் தொகுப்பின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து வருகின்றன. கண்ட தளத்திலிருந்து இறக்க வேண்டிய தேவை குறைவு. இவை பெரிய பாதுகாப்புகள்தான், ஆனால் முழுக் கவசம் இல்லை.

2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், வெளியிலிருந்து கணினிக்குள் நுழையும்போது ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். தோண்டிப் பார்த்தபோது, எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருந்தது வெளிப்பட்டது. சோதனைப் பதிப்புகள் சிலவற்றுக்குள் அது நுழைந்திருந்தது. பரவலாகப் பயன்படும் நிலையான பதிப்புகளுக்குள் போகும் முன்பே பிடிபட்டது. மூலநிரல் திறந்திருந்ததால்தான் ஒரு தனிமனிதரால் காரணத்தை அடிவரை தேடிப்போக முடிந்தது. திறந்த நிரலுக்குள்ளும் நஞ்சு வைக்கலாம் என்பதற்கும் அதே நிகழ்ச்சிதான் சான்று.

ஆகவே புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். புரியாத கட்டளையை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டாதீர்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவரிடம் ஓடிபியைச் சொல்லிவிட்டால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது.

நம்பிக்கை: எவ்வளவு பழைய கணினியும் லினக்ஸ் போட்டால் பறக்கும்.

உண்மை: லினக்ஸ் மின்ட்டுக்குக் குறைந்தது 2 ஜிபி ரேம் வேண்டும், வசதியாக ஓட 4 ஜிபி. இயங்குதளம் இலகுவாக இருக்கலாம், ஆனால் நாம் திறக்கும் இணையப் பக்கங்கள் அப்படி இல்லை. யூடியூப், ஜிமெயில், செய்தித் தளம் என நாலைந்து தாவல்கள் திறந்தால் எந்த இயங்குதளத்திலும் அதே நினைவகம் செலவாகும். பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதும், முடிந்தால் ரேமை 8 ஜிபி ஆக்குவதும் இயங்குதள மாற்றத்தைவிட அதிகப் பலன் தரக்கூடும்.

செயலி 32 பிட் மட்டுமே என்றால் நிலைமை வேறு. லினக்ஸ் மின்ட் 2020-ல் வந்த 20-ம் பதிப்போடு அதைக் கைவிட்டது. 2025-ல் வந்த டெபியன் 13-லும் அதற்கான நிறுவல் வட்டு இல்லை. அப்படிப்பட்ட கணினிக்காகப் பணமும் நேரமும் செலவிட வேண்டாம்.

நம்பிக்கை: விண்டோஸில் உள்ள எல்லாவற்றுக்கும் லினக்ஸில் மாற்று உண்டு.

உண்மை: இந்த ஒரு பேச்சை நம்பி மாறியவர்கள்தான் அதிகம் ஏமாந்து திரும்புகிறார்கள். இணையம், கடிதம், கணக்குத்தாள், படம், பாட்டு, காணொளி, ஜூம் வகுப்பு ஆகியவற்றுக்குக் குறையே இல்லை. டேலி, போட்டோஷாப், இன்டிசைன், கோரல்டிரா ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. வைன் என்ற இடைமென்பொருள் மூலம் சில விண்டோஸ் நிரல்கள் ஓடும்; பிழைப்பு நடக்கும் வேலையை அதை நம்பி ஒப்படைக்காதீர்கள். இணையவழித் தேர்வுகளில் கேட்கப்படும் சேஃப் எக்ஸாம் பிரவுசருக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. பிள்ளை வலோரன்ட் விளையாடுபவன் என்றால் அதுவும் ஓடாது. தணிக்கையாளரோ வணிகரோ வீட்டில் இருந்தால், டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கு லினக்ஸ் மென்பொருள் உண்டா என்று அதைக் கொடுத்த நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள்.

வேர்டு கோப்புகள் லிப்ரே ஆபிஸில் திறக்கும். சிக்கலான அட்டவணைகள் இடம் மாறலாம். எக்செல் மேக்ரோக்கள் ஓடாமல் போகலாம். வேறொருவருக்கு இறுதி வடிவில் அனுப்புவதை பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது நல்லது.

நம்பிக்கை: நூற்றுக்கணக்கான டிஸ்ட்ரோக்களில் சரியானதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

உண்மை: வீட்டுக்கு அந்தத் தேடல் தேவையில்லை. லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு போதும். மின்ட் 22 வரிசைக்கும் உபுண்டு 24.04-க்கும் 2029 வரை புதுப்பிப்பு உண்டு. ரேம் குறைவென்றால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். உலாவியைத் தவிர வேறெதையும் தொடாதவருக்கு கூகுளின் குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் ஒரு வழி. அருகில் இருந்து உதவப்போகிறவருக்கு எது பழக்கமோ அதற்கே முன்னுரிமை கொடுங்கள்.

நம்பிக்கை: லினக்ஸ் போட்டால் பழைய கோப்புகள் எல்லாம் போய்விடும்.

உண்மை: போகவும் செய்யலாம், போகாமலும் இருக்கலாம். நிறுவும்போது வட்டை முழுதாக அழிக்கும் தேர்வும், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவும் தேர்வும் அடுத்தடுத்து வரும். எதைச் சொடுக்குகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்கு முன் படங்களையும் ஆவணங்களையும் வெளி வன்தட்டில் நகலெடுத்துத் திறந்து பாருங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு இயங்கினால் அதன் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் விண்டோஸுக்குள் திரும்ப முடியாமல் போகலாம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்துக்கொண்டால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் மாறித் தெரியக்கூடும். லினக்ஸ் உள்கடிகாரத்தில் உலக நேரத்தையும் விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் வைப்பதே காரணம். ஓர் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

நிறுவாமலே பார்க்கவும் வழி இருக்கிறது. 8 ஜிபி பென் டிரைவில் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். வன்தட்டில் எதுவும் மாறாது. வேகம் சற்றுக் குறைவாக இருக்கும். வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் மடிக்கணினி விழிக்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சில வைஃபை சில்லுகளுக்கும் சில பழைய லேசர் பிரிண்டர்களுக்கும் தனி இயக்கி தேட வேண்டியிருக்கும். அதை நிறுவும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

வீட்டில் உள்ள எல்லோரையும் உட்கார வைத்து, கணினியில் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாமே உலாவியிலும் லிப்ரே ஆபிஸிலும் முடிவதாக இருந்தால் துணிந்து மாறுங்கள். பணம் மிச்சம், ஒரு நல்ல கணினியும் பிழைக்கும். ஓரிரு வேலைகள் மட்டும் விண்டோஸைக் கேட்டால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பிழைப்பே டேலியிலோ இன்டிசைனிலோ நடக்கிறது என்றால் உரிமம் உள்ள விண்டோஸிலேயே இருங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. பட்டியலை எழுதாமல் ஊர் சொல்வதைக் கேட்டு எடுக்கும் முடிவுதான், அது எந்தப் பக்கம் சாய்ந்தாலும், தவறான முடிவு.