தொப்பியின் நாதமும் சப்வூபரும்

மிருதங்கத்தின் இரு முகங்களும் ஒரே சுருதியில் ஒலிப்பன அல்ல. வலந்தலை பாடகரின் ஆதார சுருதிக்குச் சேர்க்கப்படுகிறது. இடப்புறமுள்ள தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பி, அதனை ஏறத்தாழ ஒரு ஸ்தாயி தாழ்த்துகின்றனர். ஒரு கட்டைச் சுருதியில் ஆதார ஷட்ஜம் வினாடிக்குச் சுமார் 130 அதிர்வுகள் உடையது; ஆகவே தொப்பியின் நாதம் 65 அதிர்வுகளை ஒட்டி அமையும். வலந்தலையின் மேற்சுரங்கள் இசை ஒழுங்கில் அமைந்திருத்தலைச் சர் சி. வி. இராமன் 1920-இல் ஆராய்ந்து வெளியிட்டார். வீட்டு ஒலிக்கருவிக்குச் சோதனையாக அமைவதோ தொப்பியேயாகும்.

காரணம் எளிது. அதிர்வெண் பாதியாகும்போது, அதே ஒலியழுத்தத்தைத் தர ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். ஒரு சாண்கூட அகலமில்லாத முழுவீச்சு ஒலிபெருக்கியின் கூம்புக்கு அது இயலாது. எனவே தாழ்ந்த அதிர்வுகளைத் தனியே ஏற்கும் சப்வூபர் பெட்டியைச் சேர்க்கின்றனர். பெரும்பாலும் 80 அதிர்வுகளை எல்லையாகக் கொண்டு, அதற்குக் கீழுள்ளவற்றைச் சப்வூபருக்கும் மேலுள்ளவற்றை முழுவீச்சுப் பெட்டிகளுக்கும் பிரித்தனுப்புவர். இப்பிரிவு சுவர் எழுப்பியது போன்றதன்று; எல்லையை ஒட்டிய சுரங்களை இரண்டும் சேர்ந்தே ஒலிக்கின்றன. எல்லையில் ஒவ்வொன்றும் பாதி அழுத்தம் தந்து, இரண்டும் ஒத்த நிலையில் கூடினால் முழு அழுத்தம் கிடைக்கும் என்பது, சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் 1976-இல் வெளியிட்ட பிரிப்பு முறையின் கருத்தாகும்.

ஒத்த நிலையில் கூடாவிடில் என்ன நேரும்? தெற்கு அந்தமானிலுள்ள சௌல்தாரியில், 4 மீட்டர் நீளமுள்ள ஒரு பலகை வீட்டு அறையைக் கருதுக. வெப்பமான அக்காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்லும். 80 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் 4.4 மீட்டர், அதிற் பாதி 2.2 மீட்டர். முழுவீச்சுப் பெட்டிகள் செவியிலிருந்து 2.8 மீட்டர் தொலைவிலும், சப்வூபர் நாற்காலியின் அருகே 0.6 மீட்டரிலும் இருப்பின், வேறுபாடு சரியாக அந்த 2.2 மீட்டரே. ஒன்றின் முகடு மற்றொன்றின் பள்ளத்தில் விழுந்து, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். தொப்பியில் விழும் அடியின் ஓசை கேட்கும்; அதன் நாதம் மெலிந்துவிடும்.

கேட்பவர் இதனைப் பெட்டியின் வலுக்குறைவு என்று கொள்வது இயல்பு. குமிழை மேலும் திருகுவார். அதுவும் போதாதெனில் பெரியதொரு பெட்டியைச் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கப்பலில் வரவழைப்பார். அதற்குள் அண்டை வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் இரவு கெட்டிருக்கும். ஏனெனில் மெல்லிய பலகைச் சுவர் உயர்ந்த சுரங்களைத் தடுக்குமளவு தாழ்ந்த சுரங்களைத் தடுப்பதில்லை. நாற்காலியில் அழியும் ஒலி அடுத்த வீட்டிலும் அழியும் என்பதற்கு எவ்வித உறுதியுமில்லை!

செலவின்றிச் செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு; பள்ளியிலும் மாணவர்க்குக் காட்டலாம். அலைபேசிச் செயலி ஒன்றினால் 80 அதிர்வுள்ள ஒரே சுரத்தை இருவகைப் பெட்டிகளிலும் ஒலிக்கச் செய்து, வழக்கமான இடத்தில் அமர்க. சப்வூபரின் பின்புறமுள்ள ஃபேஸ் சுவிட்சை 0-விலிருந்து 180-க்கு மற்றொருவர் மாற்றட்டும். எந்நிலையில் ஒலி மிகுகிறதோ அதுவே ஏற்றது. திருகும் குமிழாக இருப்பின், ஒலி மிகவும் தேய்ந்து மறையும் இடத்தை முதலில் காண்க; பின்னர் முழுவீச்சுப் பெட்டிகள் இரண்டிலும் கம்பி முனைகளை இடம் மாற்றி இணைத்தல் வேண்டும். மிகுதியைவிட மறைவைச் செவி நுட்பமாக உணருமாதலின் இம்முறை திருத்தமானது. கம்பியைத் தொடுமுன் ஆம்ப்ளிஃபையரை நிறுத்துக.

இதன் பின்னரும் நாதம் குன்றினால் நாற்காலியை நகர்த்துக. 4 மீட்டர் அறையில் சுமார் 44 அதிர்வுள்ள ஒலி சுவர்களுக்கிடையே நிலையலையாக நின்று, நட்ட நடுவில் அழுத்தம் குன்றும். கான்கிரீட் அறையில் இது மிகக் கடுமை. வளைந்து கொடுக்கும் பலகைச் சுவரில் அவ்வளவில்லை. தகரக் கூரையின் ஆணி தளர்ந்து நடுங்குமாயின் அவ்வோசையைப் பெட்டியின் குறையெனக் கொள்ளலாகாது. கூம்பைச் சுற்றிய வளையம் நுரைப் பொருளாயின் அந்தமானின் ஈரக்காற்றில் அது விரைந்து நைந்துபோகும். ரப்பர் வளையமே தக்கது.

சப்வூபரின் அளவை இறுதியில், நன்கு பழகிய ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைக் கொண்டு அமைக்க வேண்டும். தொப்பியின் நாதம் சப்வூபர் இருக்கும் மூலையிலிருந்து வருவதாகத் தோன்றினால் அளவு மிகுதி. மிருதங்கம் முழுவதும் பாடகரின் அருகிலிருந்து ஒலிப்பதாகத் தோன்றும் வரை குறைத்து, அங்கே நிறுத்துக.