டெத்மேட்ச்: ரத்தம் தெரியும், அடி தெரியாது

இந்த மாதப் பாடத்தை எழுதச் சொன்னபோது, "நீ என்ஜினியரிங் படிக்கிற, ஏதாவது அறிவியல் எழுதேன் தம்பி" என்றார் ஆசிரியர் அக்கா. நான் சொன்ன தலைப்பைக் கேட்டதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ரெஸ்லிங். அதுவும் முள்கம்பி, டியூப் லைட், வெடி எல்லாம் வைத்து அடித்துக்கொள்கிற டெத்மேட்ச். ஆனால் இதில் அறிவியல் நிறையவே இருக்கு, வாங்க பார்ப்போம்.

எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி, "அது எல்லாம் பொய்தானே?" பாதி பொய். யார் ஜெயிக்கணும் என்பது முன்னமே முடிவான விஷயம். மோதுகிற இரண்டு பேரும் எதிரிகள் இல்லை, சேர்ந்து வேலை செய்கிற கூட்டாளிகள். ஆனால் டெத்மேட்ச்சில் முள்கம்பி நிஜம், கண்ணாடி நிஜம், ரத்தமும் நிஜம். தக்காளி சாஸ் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. சண்டை கதை, காயம் மட்டும் உண்மை. இந்த விசித்திரமான கலவைக்காகத்தான் ஆள் சேருது. கோளாறும் அங்கேதான் தொடங்குது.

ஜப்பானில் இதைப் பெரிதாக்கியவர் அட்சுஷி ஓனிட்டா. முட்டி அடிபட்டு 1985-ல் ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு கிடையாது. பெரிய கம்பெனிகளில் அவருக்கு இனி இடமும் இல்லை. 1989-ல் எஃப்.எம்.டபள்யூ. என்று சொந்தமாக ஒரு சின்ன கம்பெனி தொடங்கினார். உயரமாகத் தாவ முட்டி விடாது, பேர் போன நட்சத்திரங்களைக் கூப்பிடக் காசு கிடையாது. அப்புறம் எதைக் காட்டி ஆள் சேர்ப்பது? 1990 ஆகஸ்ட் 4-ஆம் தேதி தோக்கியோவில், வளையத்தைச் சுற்றியிருக்கும் கயிறுகளைக் கழற்றிவிட்டு முள்கம்பி கட்டினார். கம்பியில் உடம்பு பட்டால் வெடிக்கிற மாதிரி வெடியும் பொருத்தினார். டார்சன் கோட்டோவோடு அவர் போட்ட அந்த ஆட்டத்துக்குப் பிறகு ஓனிட்டாவை ஜப்பானில் தெரியாத ஆள் குறைவு. பிற்பாடு 2001-ல் அந்த நாட்டு நாடாளுமன்ற மேலவைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார் என்றால் பார்த்துக்கோங்க.

எனக்குப் பிடித்தது 1993 மே 5, கவாசாக்கி ஸ்டேடியம். ஓனிட்டாவுக்கு எதிரில் அமெரிக்காவின் டெரி ஃபங்க், வயது அப்போது 48. சுற்றி முள்கம்பி, கம்பியில் வெடி, இது போதாதென்று வளையத்துக்கே ஒரு டைம் பாம். 40,000 பேருக்கு மேல் வந்ததாக அறிவித்தார்கள். ஓனிட்டா ஜெயித்துவிட்டார். ஃபங்க் மயங்கிக் கிடக்கிறார், வெடிக்கிற நேரமோ நெருங்குது. ஓனிட்டா வெளியே போய்விடலாம், ஆட்டம்தான் முடிந்துவிட்டதே. போகவில்லை. ஃபங்க்கை எழுப்பப் பார்க்கிறார், முடியவில்லை. அப்படியே அவர் மேல் கவிழ்ந்து படுத்துத் தன் முதுகைக் கேடயமாகக் கொடுக்கிறார். வெடி வெடிக்குது.

எல்லாம் எழுதி வைத்த கதைதான், தெரியும். இருந்தாலும் பார்க்கும்போது தொண்டை அடைக்குது. டெத்மேட்ச் ரசிகர்களை ரத்த வெறியர்கள் என்று ஒரே வரியில் ஒதுக்குகிறவர்களிடம் நான் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். உடம்பு தேய்ந்த ஒருத்தன், யாரும் இடம் தராத ஒருத்தன், "என்கிட்ட இருக்கிறது இந்த உடம்பு மட்டும்தான்" என்று வந்து நிற்கிறான். அதைப் பார்க்கிற சாதாரண ஆளுக்கு அது தன் கதை மாதிரி இருக்கு. இன்னொன்று, நம்பிக்கை. முள்கம்பி மேல் உன்னைத் தூக்கிப் போடப்போகிறவன் உன் கண்ணையும் கழுத்தையும் காப்பாற்றுவான் என்று நம்பித்தான் உடம்பைக் கொடுக்கிறாய். ஃபங்க்கும் மிக் ஃபோலியும் 1995-ல் அதே கவாசாக்கி மைதானத்தில் டெத்மேட்ச் போட்டித் தொடரின் இறுதியில் மோதிக்கொண்டார்கள். அதற்கப்புறமும் கடைசி வரை நல்ல நண்பர்கள்.

சரி, இப்போ என் பாடத்துக்கு வருகிறேன்.

டியூப் லைட்டை எடுத்துக்குவோம். நம்ம வீட்டில் மாட்டியிருந்த, மலாயில் கலிமந்தாங் என்று சொல்கிற அதே 4 அடி விளக்குதான். உள்ளே இருக்கிற வாயுவின் அழுத்தம் வெளிக் காற்றில் சுமார் 300-ல் ஒரு பங்கு, கிட்டத்தட்ட வெற்றிடம். அதனால் உடையும்போது காற்று உள்ளே பாயும், "டப்" என்று பெரிய சத்தம் வரும். குழாயின் உள்பக்கம் பூசிய பாஸ்பர் தூள் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். பார்க்க பயங்கரம், ஆனால் விளக்கு ரொம்ப லேசு, கண்ணாடியின் தடிப்பு 1 மில்லிமீட்டர்கூட வராது. மண்டையில் அடித்தால் அடியின் வலு பெரும்பாலும் கண்ணாடியை உடைப்பதிலேயே போய்விடும். ஒரு விளக்குக்குக் கிடைக்கிற சத்தம், புகை, கீறல், ரத்தம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மேடைக்காகவே செய்த பொருள் மாதிரி இருக்கும்.

நோட்டீஸ் போர்டில் குத்துகிற ஆணிகளும் இதே கதைதான். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது, இது படிவம் 2-லேயே படித்ததுதான். ஒரே ஒரு ஆணி மேல் விழுந்தால் ஆழமாக இறங்கும். ஆயிரக்கணக்கில் கொட்டி, அகலமான முதுகோடு விழுந்தால் எடை பிரிந்துபோகும். வலிக்காதா? நல்லா வலிக்கும். ஆனால் முதுகெலும்புக்கு ஒன்றும் ஆகாது.

இப்போ வேறு ஒரு கணக்கு. 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். டபள்யூ.டபள்யூ.இ. பார்க்கிற யாருக்கும் இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. கூண்டின் உச்சியிலிருந்து அண்டர்டேக்கர் மிக் ஃபோலியைத் தள்ளிவிட்டார். உயரம் சுமார் 16 அடி, அதாவது ஏறக்குறைய 4.9 மீட்டர். தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 9.8 மீட்டர், மணிக்கு 35 கிலோமீட்டர். நேரே சிமெண்டில் விழுந்து 5 சென்டிமீட்டருக்குள் நின்றால் உடம்பு வாங்குவது புவியீர்ப்பைப் போல் கிட்டத்தட்ட 100 மடங்கு. நடுவில் இருந்த மேசை நொறுங்கி, நிற்கிற தூரம் அரை மீட்டராக நீண்டால் அது 10 மடங்காகக் குறையும். என் கணக்கு தோராயம்தான், ஆனால் மேசை எதற்கு என்பது புரிந்திருக்கும். கார் முன்பக்கம் ஏன் நசுங்குகிற மாதிரி செய்கிறார்கள் என்பதற்கும் இதுவே பதில்.

அந்த முதல் விழுதல் திட்டமிட்டது. அதே ஆட்டத்தில் ஃபோலி மறுபடி மேலே ஏறினார், கூண்டின் கூரைக் கம்பிவலை தாங்காமல் பிய்ந்து நேராக வளையத்துக்குள் விழுந்தார். அப்படி ஒரு திட்டமே இல்லை. நடுவில் மேசையும் இல்லை. கூடவே விழுந்த நாற்காலி முகத்தில் மோதியது. மோசமான அடி அதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். யூடியூபில் எல்லாரும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதோ முதல் விழுதலை.

இதைத்தான் நான் உங்களுக்குக் காட்ட வந்தேன். ரத்தம் ஒரு இடத்தில் இருக்கும், ஆபத்து வேறு இடத்தில் இருக்கும். ஃபோலியின் காது போனது எந்த முள்கம்பியிலும் இல்லை. 1994 மார்ச்சில் ஜெர்மனியின் மியூனிக்கில், சாதாரண ஆட்டத்தில், இறுக்கமாகக் கட்டிய கயிற்றில் கழுத்து மாட்டி, அதிலிருந்து பிடுங்கிக்கொண்டபோது போனது. எஃப்.எம்.டபள்யூ.வில் ஓனிட்டாவுக்கு அடுத்த நட்சத்திரம் ஹயாபுசா. வெடி, முள்கம்பி எல்லாவற்றையும் தாண்டி வந்தவர். 2001 அக்டோபர் 22-ஆம் தேதி, நூறு தடவை செய்த ஒரு தாவலுக்காகக் கயிற்றில் கால் வைத்தார், வழுக்கியது, கழுத்தில் விழுந்தார். உடம்பு செயலிழந்தது. அங்கே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அவருடைய கம்பெனியும் அடுத்த வருடமே மூடிவிட்டது. 2016-ல் அவர் காலமானார்.

மூளை இன்னும் மோசம். நாற்காலியால் மண்டையில் அடிப்பதை டபள்யூ.டபள்யூ.இ. 2010-ல் தடை செய்தது. நாங்கள் சின்ன வயதில் சிரித்துக்கொண்டு பார்த்தது அந்த அடிகளைத்தான். வெளியே ஒரு கீறல் தெரியாது, உள்ளே மூளை மண்டையோட்டில் போய் மோதும். திரும்பத் திரும்ப மோதினால் அது சேர்ந்துகொண்டே போகும். டியூப் லைட்டை விட அந்த இரும்பு நாற்காலி எவ்வளவோ ஆபத்து. ஆனால் "ஐயோ" என்று கண்ணை மூடுவது டியூப் லைட்டுக்கு.

அதுக்காக கண்ணாடி பாதுகாப்பானது என்று நினைச்சிடாதீங்க. எடை பிரியும், வலு குறையும் என்று நான் போட்ட கணக்கெல்லாம் சராசரி. உடைந்த கண்ணாடி எந்தப் பக்கம் திரும்பும் என்பதைக் கணக்குப் போட முடியாது. 2009-ல் அமெரிக்காவில் நிக் கேஜ் என்பவரை ஒரு டெத்மேட்ச் போட்டியிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போனார்கள். 2018-ல் அதே கேஜோடு மோதிய நடிகர் டேவிட் ஆர்கெட்டுக்குக் கழுத்தில் வெட்டு. ரத்தத்தால் வருகிற நோய் தனி. அப்துல்லா தி புட்சர் பிளேடால் கீறியதால் தனக்கு ஹெபடைடிஸ் சி தொற்றியது என்று கனடாக்காரர் ஒருவர் போட்ட வழக்கில், 2014-ல் ஒன்டாரியோ நீதிமன்றம் சுமார் 23 லட்சம் கனடா டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. சின்ன ஹால்களில் ஆடுகிற பெரும்பாலானோருக்குக் கம்பெனி மருத்துவக் காப்புறுதி எல்லாம் கிடையாது. காயம் ஆறுகிற வரைக்கும் சம்பாத்தியமும் இல்லை.

நிக் கேஜ் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலையில் தொலைக்காட்சியில் அவர் கிறிஸ் ஜெரிக்கோவின் நெற்றியை பீட்சா வெட்டுகிற சக்கரத்தால் கீறினார். உடனே பக்கத்துக் கட்டத்தில் ஓடிய விளம்பரம் டோமினோஸ் பீட்சாவுடையது. யாரும் திட்டமிடவில்லை. கம்பெனிக்காரர்கள் சிரிக்கவில்லை, நான் சிரித்தேன்.

இப்போ கடைசி ஆட்டம். 2021 மார்ச் 7, புளோரிடா மாநிலம் ஜாக்சன்வில். ஏ.இ.டபள்யூ. கம்பெனி ஓனிட்டாவின் அதே வெடி ஆட்டத்தை அமெரிக்காவில் போட்டது. கென்னி ஒமேகாவும் ஜான் மாக்ஸ்லியும். ஆட்டத்துக்குள் வெடித்த வெடிகள் நன்றாகவே வெடித்தன, இரண்டு பேரும் நன்றாகவே ஆடினார்கள். ஒமேகா ஜெயித்தார். மாக்ஸ்லியை விலங்கு மாட்டிக் கிடத்திவிட்டுப் போய்விட்டார்கள். வளையம் வெடிக்க இன்னும் சில நொடிதான். அவருடைய பழைய நண்பர் எடி கிங்ஸ்டன் ஓடி வருகிறார். இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறார், முடியவில்லை. கடைசியில் மாக்ஸ்லி மேல் கவிழ்ந்து படுத்துக்கொள்கிறார். கவாசாக்கியில் ஓனிட்டா செய்த அதே காரியம்.

எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தது. தீபாவளிக்கு நம்ம வாசலில் கொளுத்துகிற பூவாணம் மாதிரி நாலு மூலையிலும் கொஞ்சம் பொறி பறந்தது. கொஞ்சம் புகை. அவ்வளவுதான். கிங்ஸ்டன் பாவம், பெரிய வெடியில் சிக்கியவர் மாதிரி அசையாமல் கிடந்தார். கூட்டம் கத்திக் கேலி செய்தது. அடுத்த நாள் முழுக்க மீம்.

ஏமாற்றம் நியாயம்தான். டிக்கெட் வாங்கினவங்களுக்கு வெடி என்று சொல்லிவிட்டு மத்தாப்பு கொடுத்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் யோசித்துப் பாருங்க. நண்பனுக்காக உயிரைக் கொடுக்க வந்தவன் இங்கேயும் இருந்தான். தேய்ந்த உடம்பு, நம்பிக்கை, தியாகம் என்று நான் மேலே வரிசையாகப் புகழ்ந்தது எதுவும் குறையவில்லை. குறைந்தது வெடிமருந்து மட்டும். அது குறைந்ததும் மற்றது எல்லாமே சிரிப்பாகிவிட்டது. அப்படியென்றால் 1993-ல் என் தொண்டையை அடைத்தது ஓனிட்டாவின் முதுகா, அந்தச் சத்தமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. டெத்மேட்ச் ஆடுகிறவர்களின் சிக்கல் இதில்தான் இருக்கு என்று நினைக்கிறேன். கதைக்காக ரத்தம் சேர்க்கிறார்கள், கொஞ்ச நாளில் ரத்தம் இல்லாத கதையை யாரும் பார்ப்பதில்லை. போன மாதம் 10 விளக்கு உடைத்தவன் இந்த மாதம் 20 உடைக்கணும். கூட்டம் சத்தத்துக்கும் சிவப்புக்கும் கைதட்டுது, கழுத்தும் மூளையும் வாங்குகிற அடிக்கு யாரும் கைதட்டுவதில்லை, அது தெரிவதும் இல்லை.

ஒரு கொசுறுச் செய்தி. பாதரசம் இருப்பதால் டியூப் லைட் தயாரிப்பையே 2027 முடிவுக்குள் நிறுத்த மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் முடிவு செய்துவிட்டன. எல்.இ.டி. குழாய்களில் பல பிளாஸ்டிக், மண்டையில் அடித்தால் வளையும், "டப்" சத்தம் வராது. இவர்கள் அடுத்து எதை எடுப்பார்கள் என்று நினைக்கவே ஒரு மாதிரி இருக்கு.

வகுப்பில் பேச எடுத்துக்கொள்கிறவர்களுக்கு: 1993, 2021 இரண்டு ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் போதும். 18 வயதுக்குக் கீழே இருக்கிற தம்பி தங்கைகளுக்குப் போடாதீங்க, பேசினாலே போதும். முதல் தடவை சாதாரணமாகப் பாருங்க. இரண்டாவது தடவை சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டு, வளையத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற கூட்டத்தின் முகத்தை மட்டும் கவனிங்க. அப்புறம் இதைப் பேசுங்க: 2021-ல் வெடி ஒழுங்காக வெடித்திருந்தால், கிங்ஸ்டனைப் பற்றி நாம் இப்போ என்ன சொல்லிக்கொண்டிருப்போம்?