போர்ச்சுகீசிய நிகழ்காலம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் வாழ்ந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்னும் அண்டிரிக் அடிகளார், தமிழுக்குப் போர்ச்சுகீசிய மொழியில் இலக்கணம் எழுதினார். தமிழைப் போர்ச்சுகீசியத்திலேயே நேரடியாக விளக்கினார். இன்று போர்ச்சுகீசியம் படிக்கும் நம்மவர்கள் பலர் ஆங்கிலம் வழியாக நுழைகிறார்கள். நிகழ்காலப் பாடத்திலேயே சில தவறான எண்ணங்கள் ஒட்டிக்கொள்கின்றன. (இங்கே தரும் உச்சரிப்பு பெரும்பாலும் பிரேசில் வழக்கு.)

நம்பிக்கை: வினைக்கு ஆறு வடிவங்கள். ஆறும் மனப்பாடமாகாமல் வாய் திறக்க முடியாது.

அட்டவணையில் ஆறு உண்டு. பேச்சில் 'வோஸ்' என்ற பழைய 'நீங்கள்' அநேகமாக மறைந்துவிட்டது. பிரேசிலில் பெரும்பாலோர் 'நீ' என்பதற்கு 'வொசே' என்கிறார்கள். அதற்கு 'அவன்' வடிவமே போதும். மிஞ்சுவது நான்கு: ஃபாலு (பேசுகிறேன்), ஃபாலா (பேசுகிறான்), ஃபலாமுஸ் (பேசுகிறோம்), ஃபாலௌங் (பேசுகிறார்கள்). 'ஃபாலு' என்றாலே 'நான்' உள்ளே இருக்கிறது, 'பேசுகிறேன்' என்பதில் இருப்பதைப் போலவே.

நம்பிக்கை: நிகழ்காலம் என்றால் இந்த நொடியில் நடப்பது.

'ஃபாலு போர்ச்சுகேஸ்' என்றால் எனக்கு அந்த மொழி பேச வரும் என்று பொருள். இப்போது பேசிக்கொண்டிருப்பதைச் சொல்ல பிரேசிலில் 'இஸ்தோ ஃபலந்து', போர்ச்சுகலில் 'ஷ்தோ அ ஃபலார்'. இரண்டுமே சரி. ஒரு நாட்டு வழக்கைப் பிழை என்று அடித்துத் திருத்தும் ஆசிரியர் மாணவருக்கு அநியாயம் செய்கிறார். 'பத்து வருஷமாக இங்கே குடியிருக்கிறேன்' என்பது 'மோரு அக்கி ஆ தேஸ் ஆனுஸ்'. தமிழைப் போலவே வெறும் நிகழ்காலம். 'நாளைக்கு வருகிறேன்' என்று நாம் சொல்வதுபோல எதிர்காலத்துக்கும் அதையே போடலாம்.

நம்பிக்கை: 'தேஞு' சேர்த்தால் செய்து முடித்ததாகப் பொருள்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். 'தேஞு' என்றால் 'என்னிடம் இருக்கிறது'. அதோடு வினையெச்சம் போன்ற ஒரு வடிவத்தைச் சேர்த்து 'தேஞு இஸ்துதாது' என்கிறார்கள். ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிடுபவர் 'படித்துவிட்டேன்' என்று புரிந்துகொள்வார். உண்மையில் அது 'படித்து வருகிறேன்': கொஞ்ச நாளாகத் தொடர்ந்து நடப்பது, இன்னும் முடியாதது. நம் 'வருகிறேன்' துணைவினை இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் பார்த்ததில்லை. 'சாப்பிட்டாயிற்று' என்று சொல்ல வேண்டுமானால் இறந்தகாலம்: 'ஜா கோமி'. விருந்துக்கு அழைத்தவரிடம் 'தேஞு கோமீது' என்றால் இந்நாட்களில் சாப்பிட்டு வருவதாகத்தான் அவர் காதில் விழும்.

நம்பிக்கை: 'இருத்தல்' என்பதற்கான இரண்டு வினைகளில் 'ஸேர்' நிரந்தரம், 'இஸ்தார்' தற்காலிகம்.

இறந்தவரைச் சொல்வது 'இஸ்தா மோர்த்து'. மரணம் தற்காலிகமா? இளைஞரைச் சொல்வது 'எ ஜோவேங்', ஸேர் வினை. இளமை நிலைக்குமா? ஸேர் ஒருவர் இன்னார், இப்படிப்பட்டவர் என்று அடையாளம் காட்டும். இஸ்தார் அவர் வந்தடைந்திருக்கும் நிலையைச் சொல்லும்.

நம்பிக்கை: ஒழுங்கற்ற வினைகளுக்குக் கணக்கே இல்லை.

பலவற்றில் 'நான்' வடிவம் மட்டுமே வழிமாறும். செய்தல் 'ஃபஸேர்', செய்கிறேன் 'ஃபாஸு'. கேட்டல் 'ஓவீர்', கேட்கிறேன் 'ஓஸு'. மற்றவை பெரும்பாலும் ஒழுங்காகவே போகும். வழிமாறிய இந்த வடிவத்தை முதலில் படிப்பது நல்லது. இறுதி 'உ'வை 'ஆ' ஆக்கினால் மரியாதை ஏவல் கிடைத்துவிடும்: 'ஃபாஸா', செய்யுங்கள், 'ஓஸா', கேளுங்கள்.