பழைய மாருதி 800-இல் பிளக் மாற்றுகிறீர்களா? மரையைக் காப்பாற்றுங்கள்

மாருதி 800 காரின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுபோனது. வண்டிகள் மட்டும் நின்றபாடில்லை. 20 வருடம் ஓடிய 800-களைச் சிறு ஊர்களில் இன்றும் பார்க்கலாம். அதன் 796 சிசி எஞ்சினில் மூன்றே சிலிண்டர், மூன்றே ஸ்பார்க் பிளக். பானட்டைத் திறந்தால் கையெட்டும் இடத்தில் இருப்பதால், வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைகளில் இதுதான் எளிது என்று சொல்வார்கள். பிளக்கை ஒழுங்காகக் கழற்றி மாட்டிவந்த வண்டியில் அது உண்மை. வருடக்கணக்கில் யாரும் தொடாத பிளக் என்றால் கதையே வேறு. பிளக்கின் உடல் எஃகு, அது உட்கார்ந்திருக்கும் ஹெட் அலுமினியம். இரண்டும் மோதினால் தோற்பது அலுமினியம்தான். சில நூறு ரூபாய் பிளக்குக்காக ஹெட்டின் மரையை இழந்தால் செலவு ஆயிரங்களில் போய் நிற்கும். ஆகவே இந்த வேலையில் ஒவ்வொரு படியையும் ஹெட்டின் மரைக்கு ஆபத்து வருமா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நேரம் மிச்சமாகுமா என்ற கணக்குக்கு இங்கே இடமில்லை.

முதலில் எஞ்சின் நன்றாக ஆறட்டும். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவது உத்தமம். சூடாக இருந்தால் சுலபமாகக் கழலும் என்று சிலர் வாதிடுவார்கள். அதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும், துளை கொஞ்சம் தளரும். ஆனால் அதே சூட்டில் அலுமினியத்தின் உறுதியும் குறைகிறது. கரி பிடித்த பிளக்கை அந்த நிலையில் திருகினால் மரையையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரலாம். சூட்டின் உதவி தேவைப்பட்டால் கடைசி முயற்சியாக, எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, கை பொறுக்கும் வெதுவெதுப்பில் முயலுங்கள். அதற்கு மேல் வேண்டாம். பிளக் வயர்களில் 1, 2, 3 என்று டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல், முனையிலுள்ள ரப்பர் தொப்பியைப் பிடித்து லேசாகத் திருகி எடுக்க வேண்டும். பிறகு பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை சைக்கிள் பம்பால் ஊதித் தள்ளுங்கள். அப்படியே விட்டால், பிளக் வெளியே வந்ததும் அந்த மண் நேரே சிலிண்டருக்குள் விழும்.

இனி பிளக் ஸ்பேனரை நேராக இறக்கி, சாயாமல் பிடித்து, இடப்பக்கம் திருப்புங்கள். சாய்ந்தால் பீங்கான் உடையும். நல்ல பிளக் 'டக்' என்று ஒரு முறை விட்டுக்கொடுத்து, அப்புறம் விரலாலேயே சுழலும். தொல்லை பிடித்தது அப்படி வராது: கால் சுற்று வந்து மறுபடி இறுகும். உள்முனை மரையில் படிந்த கரி, ஹெட்டின் மரைக்குள் ஏற மறுப்பதற்கான அறிகுறி அது. ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி இழுக்கத் தோன்றும் இந்த இடத்தில்தான் பல ஹெட்டுகள் வீணாகின்றன. வந்த அளவுக்குத் திரும்ப உள்ளே திருகுங்கள். துருநீக்கும் எண்ணெயைப் பிளக்கின் அடியில் சில சொட்டு விட்டு, ஒரு ராத்திரி ஊறட்டும். மறுநாள் கொஞ்சம் வெளியே, கொஞ்சம் உள்ளே என்று மாற்றி மாற்றித் திருப்பி, இடையிடையே எண்ணெய் விட்டு எடுங்கள். ஒரு பிளக்குக்கு ஒரு மணி நேரம் பிடித்தாலும் நஷ்டமில்லை. வெளியே வந்ததன் மரையில் வெள்ளிச் சுருள் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் அது ஹெட்டின் அலுமினியம்.

புதியதை மாட்டும்போது ஸ்பேனரை ஒதுக்கி வையுங்கள். பெட்ரோல் ஹோஸில் ஒரு சாண் துண்டை வெட்டி, பிளக்கின் பீங்கான் தலையில் செருகி, அதைக்கொண்டு திருகுங்கள். மரை குறுக்கே ஏறினால் ஹோஸ் வழுக்கிச் சுழலுமே தவிர ஹெட் கெடாது. விரலுக்கு நின்ற பிறகு, புது வாஷர் உள்ள பிளக்குக்கு ஸ்பேனரால் அரைச் சுற்று, மிஞ்சினால் முக்காலுக்குக் குறைவு. டார்க் ரெஞ்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். அடுத்த முறை இறுகாமலிருக்க மரையில் கிரீஸ் தடவினால் என்ன என்று கேட்கலாம். என்.ஜி.கே. போன்ற தயாரிப்பாளர்கள் தங்கள் பூச்சுள்ள பிளக்குகளுக்கு அது வேண்டாம் என்கிறார்கள். வழவழப்பு இருந்தால் அதே கைப்பலத்தில் பிளக் கூடுதலாக இறுகிவிடும், மறுபடியும் அடிபடுவது மரைதான்.

இவ்வளவு பாடு எதற்கு, மெக்கானிக்கிடமே விட்டுவிடலாமே என்றால், பாதி நியாயம். அவசரமான பட்டறையில் உங்கள் பிளக்குக்காக ஒரு ராத்திரி காத்திருக்க மாட்டார்கள். பொறுமை வேண்டிய வேலை என்பதாலேயே இது வீட்டுக்குப் பொருந்துகிறது. ஆனால் மரை உரிந்துவிட்டதென்றால் அங்கேயே கை வைப்பதை நிறுத்துங்கள். பழைய துளையைப் பெரிதாக்கி எஃகுச் சுருள் மரை பதிக்கும் வேலை, அனுபவமுள்ள லேத்காரருடையது. அதுவரை சாவியைத் திருப்பி வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள்: உள்ளே விழுந்த சிறு உலோகத் துணுக்கு சிலிண்டர் சுவரைக் கீறினால், பிளக் வேலையாகத் தொடங்கியது எஞ்சின் வேலையாகிவிடும்.