களத்தில் விற்பதா, காயவைத்து விற்பதா?

மீளக்குடியமர்ந்து மீண்டும் வயல் செய்யத் தொடங்கியிருக்கும் உங்களுக்கு நல்ல விளைச்சல் மட்டும் போதாது. கடனைக் கட்டிய பின்னர் கையில் மிஞ்சுவதே அடுத்த போகத்துக்கான முதல். அந்த மிச்சம் வயலில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை.

பெறுமதிச் சங்கிலி என்றால் என்ன?

விதை, பசளை, உழவு, அறுவடை, வியாபாரி, அரிசி ஆலை, கடை என்று உங்கள் நெல் பல கைகள் மாறுகிறது. ஒவ்வொரு கையிலும் அதன் பெறுமதி கூடும் அல்லது குறையும். இந்த வரிசையே பெறுமதிச் சங்கிலி.

எங்கே இழக்கிறோம்?

கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் பெரும்போக நெல் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒன்றாகக் களத்துக்கு வருகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை விழுகிறது. நெல்லும் ஈரமாக இருக்கிறது. பசளையைக் கடனாகத் தந்தவரே நெல்லையும் வாங்குபவராக இருந்தால், விலை பேசும் வாய்ப்பு உங்களுக்கு இல்லை.

ஒரு கணக்கு

சேமித்து வைக்க நெல்லின் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படக் கூடாது. 20 வீத ஈரப்பதன் உள்ள 1000 கிலோ நெல்லை 14 வீதத்துக்குக் காயவைத்தால் ஏறத்தாழ 930 கிலோ மிஞ்சும். கணக்குக்காக, ஈர நெல் கிலோ 100 ரூபா என்று வைப்போம். களத்தில் விற்றால் 100,000 ரூபா. அதே தொகையைப் பெறக் காய்ந்த நெல் கிலோ 107 ரூபா 50 சதத்துக்கு விற்க வேண்டும். கூலி, சாக்கு, ஏற்றுக்கூலி ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். விலை வித்தியாசம் இதைவிடக் கூடுதலாக இருந்தால் மட்டுமே காயவைப்பது இலாபம்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. கடன் வாங்கும் நாளிலேயே பேசுங்கள். கடனுக்குரிய மூடைகளை மட்டும் களத்தில் கொடுத்து, மீதியை விரும்பியவருக்கு விற்கலாம் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

2. நெல்லைப் படங்கில் 2 முதல் 4 சென்ரிமீற்றர் கனத்தில் பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை கிளறுங்கள். கொதிக்கும் தார் வீதியில் வேகமாகக் காயும் நெல் வெடிக்கும். குற்றும்போது குறுநொய் கூடும். ஆலைக்காரர் விலையைக் குறைப்பார்.

3. அயல் வயற்காரர் ஐந்தாறு பேர் ஒரே இனத்தை ஒரே காலத்தில் விதையுங்கள். சம்பாவும் நாடும் கலந்தால் இரண்டின் விலையும் கெடும். ஒரு லொறி நிறையச் சேர்த்தால் ஆலையுடன் நேரடியாகப் பேசலாம்.

4. நெல் சந்தைப்படுத்தும் சபை கொள்வனவு செய்யுமா, என்ன தரம் கேட்கிறது என்பதை அறுவடைக்கு முன்னரே கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள்.

பயிற்சி

ஒரு கொப்பியில் கடந்த போகத்தின் செலவு, கடன், விற்ற மூடைகள், கிடைத்த விலை ஆகியவற்றை எழுதுங்கள். அதே வாரத்தில் காய்ந்த நெல்லுக்கு ஆலையில் என்ன விலை இருந்தது என்று கேட்டுப் பக்கத்தில் குறியுங்கள். மேலே உள்ள கணக்கைப் போட்டுப் பாருங்கள். அடுத்த முறை எத்தனை மூடையைக் களத்தில் விற்பது, எத்தனை மூடையைக் காயவைப்பது என்பதை வீட்டாருடன் கலந்து, விதைப்புக்கு முன்னரே முடிவு செய்யுங்கள். லொறி களத்தில் வந்து நின்ற பிறகு யோசிக்க நேரம் இருக்காது.