கறந்த பால் நல்ல பாலா? வீட்டிலேயே பார்த்துவிடலாம்!

பெங்களூருவில் பாக்கெட் பால் வாசலுக்கே வந்துவிடுகிறது. இருந்தாலும் ஆனேக்கல், ஹொசகோட்டே, நெலமங்கலா பக்கத்துப் பண்ணைகளிலிருந்து கறந்த பால் வாங்கும் வீடுகள் இங்கே நிறைய. ஊர் ஓரத்தில் ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்களும் உண்டு. 1923-லேயே பால் ஆராய்ச்சிக்கு நிலையம் கண்ட ஊர் இது; 1927-ல் காந்தியடிகள் அங்கே போய் மாடு பராமரிப்பு கற்றுக்கொண்டார். ஆடுகோடியில் அது இன்றும் தேசியப் பால் ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமாக நடக்கிறது. அவ்வளவு பெரிய ஆய்வுக்கூடம் நமக்கு வேண்டாம். அடுக்களைச் சாமான்களை வைத்தே பாலின் தரத்தைப் பெருமளவு தெரிந்துகொள்ளலாம், தோழிகளே!

1. புதுப் பாலை நேற்றைய பாலோடு கலக்கும் முன் ஒரு கரண்டி மட்டும் தனியே கொதிக்க வையுங்கள். திரிந்தால் பால் புளிக்கத் தொடங்கிவிட்டது, அல்லது புதிதாகக் கன்று போட்ட மாட்டின் சீம்பால் கலந்திருக்கிறது. பழைய பால் தப்பித்தது! சீம்பால்தான் என்று தெரிந்தால் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து, இங்கே எல்லோரும் விரும்பும் கிண்ணு செய்துவிடலாம்.

2. லாக்டோமீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். பசும்பாலில் அது வழக்கமாக 28 முதல் 32 வரை காட்டும். 26-க்கும் கீழே இறங்கினால் தண்ணீரைச் சந்தேகிக்கலாம். கறந்த சூட்டோடும் நுரையோடும் பார்த்தால் நல்ல பால்கூடக் குறைத்துக் காட்டும். நுரை அடங்கி, கருவியில் எழுதியிருக்கும் வெப்பநிலைக்குப் பால் வந்த பிறகு பாருங்கள்.

3. அந்தக் கருவியை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஏடெடுத்த பாலில் அளவு ஏறும், தண்ணீர் விட்டால் இறங்கும். இரண்டையும் செய்தால் கணக்கு சரியாகவே வந்துவிடும். அதனால் நேரான கண்ணாடி டம்ளரில் காய்ச்சாத பாலை ஊற்றி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, மேலே படியும் ஏட்டை ஸ்கேலால் அளந்து காலண்டரில் குறித்து வையுங்கள். சில வாரக் குறிப்பு சேர்ந்தாலே உங்கள் பண்ணைப் பாலின் போக்கு பிடிபட்டுவிடும். இந்தக் குறிப்புகளில் நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

4. காலைப் பால் நீர்த்தும் மாலைப் பால் கெட்டியாகவும் இருந்தால் உடனே பால்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம். ராத்திரி இடைவெளி நீளமாக இருந்தால் காலையில் பால் கூடும், கொழுப்பு குறையும். காலையைக் காலையோடும், மாலையை மாலையோடும் ஒப்பிடுவதே நியாயம்.

5. ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமா? பசும்பாலில் குறைந்தது 3.2 சதவீதம் கொழுப்பும், கொழுப்பு நீங்கிய திடப்பொருள், அதாவது எஸ்.என்.எஃப்., 8.3 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது நாட்டின் உணவுத்தர விதி. நந்தினி நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3, எஸ்.என்.எஃப். 8.5. கூடுதல் விலை கொடுத்து வாங்கும் பண்ணைப் பால் இதைவிட மெலிந்திருந்தால் தாராளமாகக் கேளுங்கள்.

6. மாவு கலந்திருக்குமோ என்று தோன்றினால் கொஞ்சம் பாலில் தண்ணீர் சேர்த்துக் காய்ச்சி ஆறவிட்டு, இரண்டு மூன்று சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். நீலம் தட்டினால் மாவுதான்.

7. சோப்புக் கலப்படத்துக்குப் பாலும் தண்ணீரும் சம அளவில் பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினால் போதும். நல்ல பாலில் மெல்லிய நுரை; சோப்பு இருந்தால் திக்கான நுரை.

8. யூரியாவுக்குத் துவரம்பருப்பே சாட்சி சொல்லும். ஒரு டீஸ்பூன் பாலில் அரை டீஸ்பூன் துவரம்பருப்புப் பொடியைக் கலக்கி, ஐந்து நிமிஷம் கழித்துச் சிவப்பு லிட்மஸ் தாளை அரை நிமிஷம் நனைத்தெடுங்கள். தாள் நீலமானால் அந்தப் பால் வேண்டாம்.

9. உறை ஊற்றுவதும் ஒரு சோதனைதான். ஒரே மோரைப் பாக்கெட் பாலுக்கும் பண்ணைப் பாலுக்கும் ஒரே நேரத்தில் ஊற்றுங்கள். பண்ணைப் பால் மட்டும் தோயாமல் நின்றால், மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாடிக் ஊசி மருந்து பாலில் இறங்கியிருக்கலாம். காய்ச்சினாலும் அது முழுசாகப் போகாது. ஊசி போட்ட பிறகு எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்வார். அந்தக் கணக்கைப் பண்ணைக்காரரிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு.

10. மாடு வைத்திருப்பவர்களே, ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விடுங்கள். திரியோ, கட்டியோ, ரத்தமோ துணியில் பளிச்சென்று தெரியும். பால் உப்புக் கரித்தாலும் மடிநோயை நினைத்துக்கொள்ளுங்கள்.

11. வெளியே தெரியாத மடிநோயைக் கண்டுபிடிக்கத் துணி துவைக்கும் பவுடர் போதும். அரை லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் கரைத்து, நாலு கிண்ணத்தில் நாலு காம்புப் பாலையும் தனித்தனியே எடுத்து, சம அளவு கரைசலை ஊற்றிச் சுற்றுங்கள். எந்தக் கிண்ணம் கூழாகிறதோ அந்த மடிப்பகுதியில் நோய் இருக்கிறது. உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். சோதித்த பாலைக் கொட்டிவிடுங்கள், நாய் பூனைக்குக்கூட வைக்கவேண்டாம்.

12. கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம், அதனால் மடியை முழுசாகக் கறந்துவிடுங்கள். பால் சொசைட்டியில் மாதிரி எடுக்கும் முன் கேனை நன்றாகக் கலக்கச் சொல்லுங்கள். கொழுப்பையும் எஸ்.என்.எஃப்.பையும் வைத்துத்தான் காசு!

13. வாசனை தூக்கலான தீவனத்தைக் கறந்த பிறகு போடுங்கள். முன்னால் போட்டால் அந்த வாசனை பாலுக்கு ஏறிவிடும்.

14. கேனை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகுதான் சோடா போட்ட வெந்நீர். எடுத்ததும் வெந்நீர் ஊற்றினால் பால் சுவரிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும், தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கும். சொசைட்டி வண்டி வரத் தாமதமானால் கேனைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வையுங்கள்.

15. எல்லாச் சோதனையிலும் தேறிய பாலாக இருந்தாலும் பச்சையாகக் குடிக்கவேண்டாம், குழந்தைகளுக்கும் கொடுக்கவேண்டாம். காசநோய்க் கிருமியும் புரூசெல்லா கிருமியும் பாலின் நிறத்திலோ ருசியிலோ தெரியாது. பொங்கி வந்த பிறகும் தீயைக் குறைத்து, கிளறியபடி இரண்டு மூன்று நிமிஷம் கொதிக்க விட்டே இறக்குங்கள்.