ஓட்டை தெரிந்தால் அடைக்காதீர்கள்

பழைய மரப் படகை வாங்கிக் கராஜில் வைத்துத் திருத்த நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எவ்வளவு செலவாகும் என்றுதான். செலவு கிடக்கட்டும். முதலில் கராஜில் இருக்கிற ஹீற்றரின் வயரைக் கழற்றுங்கள். அடுத்தது, கட்டட வேலை தெரிந்த சொந்தக்காரர் எவரும் வசந்தகாலம் வரை அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதை நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

என்னுடையது பீற்றர்பரோவில் 1950களில் கட்டிய 14 அடிப் படகு. சீடர் மரம், பின்னால் மோட்டர் பூட்டி ஓடுவது. ஒருகாலத்தில் ஒன்ராறியோ ஏரிகளில் எங்கே பார்த்தாலும் இந்தச் சாதிப் படகுதான். பிறகு அலுமினியமும் பைபரும் வந்தன. இவற்றைக் கட்டிய பீற்றர்பரோ கனூ கொம்பனியும் அறுபதுகளின் தொடக்கத்தில் இழுத்து மூடப்பட்டது. இப்போது அந்தப் படகுகள் கொட்டில்களின் மூலையில் கிடந்து உக்குகின்றன. வாங்க முன்னர் பீற்றர்பரோவில் உள்ள கனேடியக் கனூ அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். 2024இல் ஏரிக்கரையில் புதுக் கட்டடம் திறந்திருக்கிறார்கள். மரத்தை எப்படி வளைத்து எப்படிப் பொருத்தினார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டால் பாதி விசர்க்கதைகளுக்குக் காது கொடுக்கமாட்டீர்கள்.

கட்டுமானம் இதுதான். ஏராக்கட்டையின் மேல் சில அங்குலத்துக்கு ஒன்றாக மெல்லிய ஓக் வங்குகள். அவற்றின் மேல் இரண்டு அங்குல அகலச் சீடர்க் கீலங்கள், விளிம்பில் படி வெட்டி ஒன்றோடொன்று இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். செம்பு ஆணி வெளியிலிருந்து போய் உள்ளே மடங்கி வங்கைக் கவ்வும். கீலங்களுக்கு நடுவில் பஞ்சும் இல்லை, தாரும் இல்லை. மரம் தண்ணீர் குடித்து ஊதும்போது இடைவெளி தானாக மூடும். முழு வித்தையும் அவ்வளவுதான்.

படகைத் திருத்திய குளிர்காலம் முழுவதும் நான் ஹீற்றரைப் போட்டுவிட்டுத்தான் வேலை செய்தேன். வெளியே மைனஸ் இருபதில் வேறு எப்படிச் செய்வது? பங்குனி பிறக்கும்போது மரம் காய்ந்து சுருங்கி, கீலங்களுக்கிடையில் மெல்லிய வெளிச்சக் கோடுகள் தெரிந்தன. அப்போதுதான் அத்தான் வந்தார்.

“உதென்னடா, உள்ளுக்கு நிண்டா வெளி தெரியுது. மீன் வந்து குடியிருக்கும்.”

“தண்ணியில விட்டா ஊதி மூடும் அத்தான்.”

“நீ பிறந்தது வல்வெட்டித்துறை. கலப்பத்து அடிக்கிறதை உனக்கு நான் சொல்லித் தரவேணுமே? இருக்கிற நீக்கலை அடைச்சுவிட்டா அலுவல் முடிஞ்சுது.”

அடுத்த சனிக்கிழமை எப்பொக்சி வாளியும் மரத்தூளும் பூச்சுக் கரண்டியுமாக வந்து இறங்கினார். ஊரின் பெயரைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வேகம் வந்துவிடும். அன்னபூரணி என்கிற பாய்க்கப்பல் அங்கே கட்டி, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் வரை போய்ச் சேர்ந்தது உண்மைதான். அதற்காக அந்த ஊரில் பிறந்த எல்லோரும் ஓடாவி ஆகிவிட முடியாது. அத்தானின் ஊர் வல்வெட்டித்துறையும் இல்லை.

ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். என்னைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்தவர் அவர். அவர் கையில் இருக்கிற கரண்டியை எப்படிப் பறிப்பது? உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அத்தான் இருப்பார், உங்களுக்குப் புரியும்.

அவர் சொன்னதில் எங்கே பிழை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஊரில் வள்ளத்துக்குக் கலப்பத்து அடிப்பது, அதாவது பஞ்சு திணிப்பது, தடித்த பலகைகளுக்கு நடுவில். அந்தப் பஞ்சு மெதுமையானது, பலகை ஊதும்போது நசிந்து இடம் கொடுக்கும். எப்பொக்சி இறுகினால் கல். காய்ந்த கராஜில் கிடந்த சீடர், தண்ணீர் நன்றாக ஊறும்போது இரண்டு அங்குலக் கீலத்துக்கு ஒன்றரை மில்லிமீற்றர் அளவில் அகலும். கேட்கும்போது சின்னக் கணக்குத்தான். ஒரு பக்கத்தில் இருபது கீலம் என்றால் மொத்தம் மூன்று சென்ரிமீற்றர். அந்த மூன்று சென்ரிமீற்றருக்கென்று மரம் வைத்திருந்த இடத்தை நாங்கள் கல்லால் நிரப்பிவிட்டோம். அது வேறெங்கே போகும்?

பூசி, உரஞ்சி, பெயின்ற் அடித்தபோது படகு வடிவாகத்தான் இருந்தது. குடும்ப வட்சப்பில் படம் போய், பாராட்டெல்லாம் அத்தானுக்கு விழுந்தது. வைகாசியில் வீட்டு வாசலில் ரெயிலரில் வைத்து உள்ளே நாலு விரல் தண்ணீர் விட்டு, வெளியே நனைத்த போர்வைகளைப் போர்த்தேன். ஏரியில் இறக்க முன்னர் மரத்தை ஊற வைக்கும் முறை அது. அதைச் சரியாகத்தான் செய்தேன். இரண்டாம் இரவு படுக்கையறைக்குக் கேட்டது, டக். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. விடிய ரோர்ச் அடித்துப் பார்த்தால், அடிப்பக்கம் வளைந்து மேலெழும் இடத்தில் வங்குகள் வரிசையாக நாராகப் பிளந்து நின்றன. மடக்கிய ஆணி முனைகள் சில மரத்தைவிட்டு எழும்பி வெளியே வந்திருந்தன. அறுபது வருடத்துக்கு மேல் உடையாத வங்குகள் அவை.

திருத்த எடுத்த காலம், முதல் செய்த முழு வேலையையும்விட அதிகம். எப்பொக்சியைச் சூடான காற்று அடித்து இளக்கி, மெல்லிய வாள் அலகால் கீலம் கீலமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். சூடு கூடினால் சீடர் கருகும். பிறகு வங்கு. பெரிய ஹாட்வெயார் கடைகளில் விற்கிற ஓக் சூளையில் உலர்த்தியது, வளைக்கப்போனால் முறிந்துதான் தீரும். அங்கே கவுன்ரரில் நின்ற பெடியன் “எல்லா ஓக்கும் ஒன்றுதான்” என்றான். அவனை நம்பி வாங்கியது இப்போது பூஞ்செடிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. கிராமப்பக்க மர ஆலைகளில் புதிதாக அறுத்த ஈர ஓக் கேளுங்கள். சுவர்க்கடதாசி உரிக்கிற நீராவிக் கருவி ஒன்றும் நீளமான பலகைப் பெட்டி ஒன்றும் போதும், புட்டு அவிக்கிற சங்கதிதான். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மணித்தியாலம் என்பது கணக்கு. வெளியே எடுத்தால் வளைக்கச் சில விநாடிகளே கிடைக்கும், அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தால் விட்டுவிடுங்கள். ஆணி அடிக்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் வெளியே சுத்தியல், மற்றவர் உள்ளே இரும்புக் கட்டி பிடித்து முனையை மடக்க வேண்டும். என் மகள் பிடித்தாள், அத்தானைக் கூப்பிடவில்லை. எல்லா வங்கையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள், படகு விரிந்து உருவம் போய்விடும். ஒன்றைக் கழற்றி, ஒன்றைப் போட்டு, அடுத்ததற்குப் போங்கள்.

மற்றவையெல்லாம் சாதாரணம். படகோடு ரெயிலரின் நாக்கையும் சேர்த்து அளந்துவிட்டு வாங்குங்கள். உங்கள் கராஜிலும் பனி அள்ளும் மெசினும் நாலு டயரும் கிடாரமும் கிடக்கும். பழைய பெயின்றில் ஈயம் இருக்கும், காய உரஞ்சாதீர்கள், சரியான முகமூடி போடுங்கள். லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி எறிந்தால் அது தானாகப் பற்றும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகரத்தில் போட்டு மூடுங்கள். கராஜ் வீட்டோடு ஒட்டியிருக்கிறது என்பதை மறக்கவேண்டாம். வார்னிஷ் ஆறு ஏழு பூச்சு, முதல் பூச்சு நீர்க்க. மோட்டர் ஓட்ட அனுமதி அட்டை கட்டாயம். பத்துக் குதிரைவலு மோட்டர் என்றாலே படகுக்கும் லைசென்ஸ் இலக்கம் எடுக்க வேண்டும்.

போன கோடை ஸ்குகொக் ஏரியில் இறக்கினேன். முதல் நாள் வாளியால் அள்ளி அள்ளிக் கை சோர்ந்தது. மூன்றாம் நாள் அடிப்பலகை காய்ந்து கிடந்தது. ஒரு கலியாண வீட்டில் அத்தான் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார்: எப்பொக்சியில் குறை ஒன்றும் இல்லையாம், நான் தண்ணீரைக் கூட விட்டுவிட்டேனாம். படகுக்குத் தண்ணீர் கூடிவிட்டதாம்!

நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால், வெளிப்புறம் முழுக்க பைபர் ஒட்டிய மரப்படகைச் சும்மா தந்தாலும் எடுக்காதீர்கள். உள்ளே மரம் உக்கியிருக்கும், பைபரை உரிக்கும்போது சீடரும் சேர்ந்து வரும். வெளிச்சம் தெரிகிற படகாகப் பார்த்து வாங்குங்கள், விலையும் குறையும்.